ஐஸ் ஹாக்கியின் ஆரம்பகால கோல்கீப்பர்: ஜார்ஜ் வெசினாவை வைத்து ஓர் எளிய அறிமுகம்

1896 பிப்ரவரி 14. கனடாவின் மாண்ட்ரியல் நகரில், ஐஸ் ஹாக்கியின் தலையாய பரிசான ஸ்டான்லி கோப்பைக்கான ஆட்டம். உள்ளூர் அணியின் பெயர் விக்டோரியாஸ். அதை எதிர்த்து ஆட வின்னிபெக் நகரிலிருந்து வந்திருந்த அணியின் பெயரும் விக்டோரியாஸ்தான். வின்னிபெக்கின் கோல்கீப்பர் வைட்டி மெரிட் பனித்தளத்தில் இறங்கியபோது அவருடைய இரண்டு கால்களிலும் வெள்ளையாக ஏதோ கட்டியிருந்தது. அது என்னவென்று நம் ஊர்ச் சிறுவர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். கிரிக்கெட்டில் மட்டையாளர் கட்டிக்கொள்ளும் அதே கால்காப்பு. அன்று மெரிட் ஒரு கோலைக்கூட விடவில்லை. வின்னிபெக் 2-0 என்று வென்று கோப்பையைத் தன் ஊருக்கு எடுத்துச் சென்றது.

ஐஸ் ஹாக்கியைப் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கால்காப்பின் கதையைத்தான். கோல்கீப்பர் என்ற வேலை பிறந்தபோது அதற்கென்று ஒரு கருவிகூட இல்லை. வேறு விளையாட்டிலிருந்து கடன் வாங்கித்தான் காலைக் காத்துக்கொண்டார்கள். முகத்தைக் காக்க அந்தக் கடனும் கிடைக்கவில்லை, வெறும் முகத்தோடு நின்றார்கள். இன்று தொலைக்காட்சியில் தெரியும் கோல்கீப்பர் தலை முதல் கால் வரை கவசம் அணிந்தவர், ஆட்டத்தில் பாதி நேரம் முழங்காலில் இருப்பவர். அவரை மனதில் வைத்துக்கொண்டு நூறாண்டுக்கு முந்தைய கோல்கீப்பரைப் புரிந்துகொள்ள முடியாது. அதற்கு ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தால் போதும். 1887இல் பிறந்து 1926இல் மறைந்த ஜார்ஜ் வெசினாதான் அவர்.

முதலில் ஆட்டத்தின் அடிப்படை. புல்தரை ஹாக்கியில் பந்து. இங்கே 'பக்' எனப்படும் கெட்டி ரப்பர் வட்டு. மூன்று அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிமன், ஆறு அவுன்ஸுக்குள் எடை. உள்ளங்கையில் அடங்கிவிடும், ஆனால் கல்லைப் போலக் கனக்கும். கோல் வலையின் வாய் ஆறடி அகலம், நான்கடி உயரம். வலைக்கு முன்னால் ஒருவர், அவருக்கு முன்னால் சறுக்கி ஆடும் ஐந்து பேர். ஆட்ட நேரம் மொத்தம் 60 நிமிடம். வெசினா தொழிலுக்கு வந்த 1910-11 பருவத்தில்தான் இரண்டு அரைமணி நேரப் பாதிகளை மாற்றி, 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். அப்போது அணிக்கு ஏழு பேர். அடுத்த ஆண்டு 'ரோவர்' என்ற ஏழாவது ஆட்டக்காரரின் இடத்தை எடுத்துவிட்டார்கள். வெசினா வேலைக்குச் சேர்ந்தபோது இந்த ஆட்டத்தின் விதிகளே இன்னும் முழுமையாகக் கெட்டிப்படவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய ஊர் ஷிகூட்டிமி. கியூபெக் மாநிலத்தில், சாகனே ஆற்றங்கரையில் இருக்கும் பிரெஞ்சு பேசும் ஊர். தந்தை பேக்கரி நடத்தியவர். தெருவில் நண்பர்களோடு ஆடத் தொடங்கிய வெசினா, பதின்பருவத்தின் பெரும்பகுதியைச் சாதாரணக் காலணியோடுதான் ஆடிக் கழித்தார் என்கிறார்கள். சறுக்குக் காலணி அவருக்குத் தாமதமாகத்தான் பழகியது. இந்தத் தகவலைச் சிறிய விஷயமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வழுக்கும் பனியில் சாதாரணக் காலணியோடு நிற்பவர் அவசியமில்லாமல் அசைய மாட்டார். அசைந்தால் விழுவார். வெசினாவின் ஆட்டம் முழுவதிலும் நான் காண்பது அந்த அசையாமையைத்தான்.

1910 பிப்ரவரி 17 அன்று மாண்ட்ரியல் கனாடியன்ஸ் அணி, சுற்றுப்பயணத்தின் ஒரு பகுதியாக ஷிகூட்டிமிக்கு வந்து உள்ளூர் அணியோடு காட்சி ஆட்டம் ஆடியது. கனாடியன்ஸ் சம்பளம் வாங்கி ஆடும் அணி. தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஆனாலும் தொழில்முறை அணி. எதிரில் நின்றவர்கள் பொழுதுபோக்காக ஆடும் ஊர்க்காரர்கள். அந்த ஊர்க்காரர்களின் வலைக்கு முன்னால் நின்ற 23 வயது இளைஞரைத் தாண்டி ஒரு கோல்கூடப் போகவில்லை. மறுமுனையில் கனாடியன்ஸுக்காக வலை காத்துக்கொண்டிருந்தவர் ஜோசப் காட்டரினிச். ஆட்டம் முடிந்ததும் அவர் தன் அணி நிர்வாகத்திடம் அந்த இளைஞரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அணிக்கு ஒரு கோல்கீப்பர்தான். புதியவர் வந்தால் பழையவர் வெளியேற வேண்டும். தன் இடத்துக்குத் தானே ஆள் காட்டிய அந்த மனிதரின் பெயரை மறந்துவிடாதீர்கள், அவர் மறுபடியும் வருவார்.

வெசினா உடனே சம்மதிக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில்தான் தம் அண்ணன் பியேரையும் கூட்டிக்கொண்டு மாண்ட்ரியலுக்குப் போனார். அண்ணனுக்கு அணியில் இடம் கிடைக்கவில்லை. தம்பிக்குப் பருவத்துக்கு 800 டாலர் சம்பளம். டிசம்பர் 31 அன்று ஒட்டாவா அணிக்கு எதிராக முதல் ஆட்டத்தை ஆடினார். அன்று தொடங்கி பதினைந்து ஆண்டுகள், கனாடியன்ஸ் வலைக்கு முன்னால் வேறு யாருக்கும் வேலை இருக்கவில்லை.

இனி, அந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

இன்று பக் தாழ்வாக வந்தால் கோல்கீப்பர் முழங்கால்களைப் பனியில் ஊன்றி, கால்களைப் பக்கவாட்டில் விரித்து வலையின் அடிப்பகுதியை அடைத்துவிடுகிறார். அன்று அப்படிச் செய்தால் தண்டனை. கோல்கீப்பர் நின்றபடிதான் தடுக்க வேண்டும், பனியில் விழக்கூடாது என்பது விதி. தண்டனை பெற்ற கோல்கீப்பர் தாமே வெளியேறித் தண்டனை இருக்கையில் உட்கார வேண்டும். அந்த நேரத்துக்கு அணியில் ஆடும் வேறு யாராவது வலைக்கு முன் போய் நிற்பார். 1923 மார்ச்சில் ஒரு ஸ்டான்லி கோப்பை ஆட்டத்தில் ஒட்டாவா கோல்கீப்பர் கிளின்ட் பெனடிக்டுக்குத் தண்டனை விழுந்தபோது, கிங் கிளான்சி என்ற இளைஞர் அவருடைய மட்டையை வாங்கிக்கொண்டு இரண்டு நிமிடம் வலை காத்தார்.

இந்தப் பெனடிக்ட்தான் விழக்கூடாது என்ற விதியையே விழ வைத்தவர். அவர் அடிக்கடி கால் இடறியதைப் போலப் பனியில் விழுவார். விழும்போது பக்கும் அவரடியில் சிக்கிக்கொள்ளும். இடறி விழுந்தாரா, வேண்டுமென்றே விழுந்தாரா என்று நடுவரால் எப்படிச் சொல்ல முடியும்? முழங்காலில் அமர்ந்து பிரார்த்திப்பவரைப் போலத் தெரிந்ததால் ரசிகர்கள் அவரைப் 'பிரார்த்தனை பென்னி' என்றே கூப்பிட்டார்கள். 1917 நவம்பரில் தேசிய ஹாக்கி லீக், அதாவது என்.எச்.எல்., உருவானது. டிசம்பர் 19 அன்று அதன் முதல் நாள் ஆட்டங்களில் ஒன்றில் கனாடியன்ஸும் ஒட்டாவாவும் மோதின. ஒரு முனையில் விழாத வெசினா, மறுமுனையில் விழுந்துகொண்டே இருந்த பெனடிக்ட். கனாடியன்ஸ் 7-4 என்று வென்றது. மூன்று வாரம் கழித்து, 1918 ஜனவரி 9 அன்று, கோல்கீப்பர்கள் விழுந்து தடுக்கலாம் என்று லீக் விதியை மாற்றியது. அவர்கள் தலைகீழாக நின்றாலும் தனக்குக் கவலையில்லை என்று லீக்கின் தலைவர் பிராங்க் கால்டர் சொன்னதாக ஒரு பேச்சு இன்றுவரை வழங்குகிறது.

விதி மாறிய பிறகும் வெசினா நின்றுதான் ஆடினார். பழக்கத்தை விட முடியாமல் அப்படி ஆடினார் என்று நான் நினைக்கவில்லை. நின்று ஆடுவதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வலையின் வாய் 24 சதுர அடி. கோல்கீப்பர் கோல் கோட்டின் மேலேயே நின்றால், அடிப்பவருக்கு இரு பக்கமும் நிறைய இடைவெளி தெரியும். அவரை நோக்கி இரண்டடி முன்னால் வந்தால் அந்த இடைவெளி சுருங்கிவிடும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலைத் தொலைவிலுள்ள சன்னலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். விரலைக் கண்ணருகே கொண்டுவரக் கொண்டுவர அது சன்னலையே மறைத்துவிடும். அடிப்பவரின் கண்ணுக்குக் கோல்கீப்பர்தான் அந்த விரல். எங்கே நிற்பது என்பதை முன்கூட்டியே சரியாகக் கணித்துவிட்டால் பாய வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. வெசினா கையைவிட மட்டையால் தடுத்ததே அதிகம் என்று அவருக்கு எதிராக ஆடிய பிராங்க் பௌச்சர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இன்னொரு விதியும் அவருக்குத் துணையாக இருந்தது. அந்தக் காலத்தில் பக்கை முன்னால் இருக்கும் கூட்டாளிக்குத் தள்ளிவிடக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம், ரக்பியில் இருப்பதைப் போல. 1918இல் மைதானத்தின் நடுப்பகுதியில் மட்டும் இதைத் தளர்த்தினார்கள். மூன்று பகுதிகளிலும் முன்னோக்கிக் கொடுக்கலாம் என்று அனுமதித்தது 1929இல்தான். அதனால் தாக்குபவர் பக்கைத் தாமே உருட்டிக்கொண்டுதான் வலையை நெருங்க வேண்டும். யார் அடிக்கப் போகிறார் என்பது கோல்கீப்பருக்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடும். அவரைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு, இடத்தைச் சரிசெய்துகொண்டு, பதறாமல் நிற்பவருக்கு ஏற்ற காலம் அது.

பதறாமை வெசினாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 'ஷிகூட்டிமி வெள்ளரிக்காய்' என்பது அவருடைய பட்டப்பெயர். எந்த நெருக்கடியிலும் நிதானம் இழக்காதவரை வெள்ளரிக்காயைப் போலக் குளிர்ச்சியானவர் என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள், அதிலிருந்து வந்தது. சித்திரை வெயிலில் வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கடித்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அடுத்து எண்கள். கோல்கீப்பரின் திறனை அளக்க அன்று முதல் இன்று வரை புழங்கும் அளவு, 60 நிமிட ஆட்டத்துக்கு அவர் சராசரியாக எத்தனை கோல் விட்டார் என்பதுதான். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் ஓவருக்கு எத்தனை ஓட்டம் கொடுத்தார் என்று பார்க்கிறோமே, அதே மாதிரி. குறைவாக இருந்தால் நல்லது. 1924-25 பருவத்தில் வெசினா 30 ஆட்டங்களில் 1860 நிமிடம் வலை காத்து 56 கோல் விட்டார். 1860 நிமிடம் என்றால் 31 மணி நேரம். 56ஐ 31ஆல் வகுத்தால் 1.81. அதற்கு முந்தைய பருவத்தில் அவருடைய சராசரி 1.97. என்.எச்.எல். வரலாற்றில் ஒரு பருவத்தை இரண்டுக்கும் கீழே முடித்த முதல் கோல்கீப்பர் அவர்தான்.

ஆனால் இந்த எண்ணைக் காலத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தம் முதல் பருவத்தில் வெசினா 16 ஆட்டங்களில் 62 கோல் விட்டார். ஆட்டத்துக்கு ஏறக்குறைய நான்கு. இன்றைய கோல்கீப்பர் ஒருவர் இப்படி ஆடினால் அவருக்கு வேலை போய்விடும். அந்த ஆண்டு லீக்கிலேயே மிகக் குறைவாகக் கோல் விட்டவர் அவர்தான்! இதற்கு நேர்மாறான உதாரணம், அவருக்குப் பின் கனாடியன்ஸுக்கு வந்த ஜார்ஜ் ஹெயின்ஸ்வொர்த். 1928-29இல் அவர் 44 ஆட்டங்களில் 43 கோல்தான் விட்டார், 22 ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை. அப்படியானால் அவர் வெசினாவைவிட இரண்டு மடங்கு திறமைசாலியா? இல்லை. அந்த ஆண்டு எந்த அணியாலும் கோல் போட முடியவில்லை. ரசிகர்கள் சலித்துப்போகவே, அடுத்த பருவத்தில் முன்னோக்கிக் கொடுக்கும் விதியை முழுமையாகத் திறந்துவிட்டார்கள். கோல்கீப்பரின் சராசரி, ஆளைப் பற்றி எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு அவர் காலத்து விதிகளைப் பற்றியும் சொல்கிறது.

என்னைக் கேட்டால், வெசினாவைப் பற்றி நினைவில் வைக்க வேண்டிய எண் 1.81 அல்ல, 328. பருவ ஆட்டங்களில் தொடர்ச்சியாக 328, அதற்கு மேல் 39 கோப்பைச் சுற்று ஆட்டங்கள். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. இன்று ஓர் அணி ஒரே பருவத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டம் ஆடுகிறது, அந்தக் கணக்கில் 328 என்பது நான்கு பருவம்தானே என்று தோன்றலாம். அன்றைய பருவம் குறுகியது. அரங்குகள் பலவற்றில் இயற்கைப் பனிதான், குளிர் வந்தால்தான் தளம் உறையும். 1924 நவம்பரில் கனாடியன்ஸின் சொந்த அரங்கில் பனி உறையாததால், புதிதாகக் கட்டிய மாண்ட்ரியல் ஃபோரத்தில் முதல் ஆட்டத்தை ஆடும் வாய்ப்பு அவர்களுக்கு வந்தது. அங்கே செயற்கைப் பனி இருந்தது. ஆக, ஆண்டுக்குச் சுமார் 22 ஆட்டம் வீதம் பதினைந்து ஆண்டுகளின் உழைப்பு இந்த 328.

முகக்கவசம் இல்லாமல் பதினைந்து ஆண்டுகள் என்றால் என்ன என்பதைப் பெனடிக்டின் முகம் சொல்லும். 1930 ஜனவரியில் ஹோவி மோரன்ஸ் அடித்த பக் அவர் முகத்தில் பட்டு மூக்கை உடைத்தது. பிப்ரவரியில் தோலால் செய்த ஒரு கவசத்தை அணிந்து வந்தார். என்.எச்.எல். ஆட்டத்தில் கவசம் அணிந்த முதல் கோல்கீப்பர் அவர். பார்வையை மறைக்கிறது என்று சில ஆட்டங்களிலேயே அதை எறிந்துவிட்டார். கனாடியன்ஸ் கோல்கீப்பர் ஜாக் பிளான்ட் 1959 நவம்பர் 1 அன்று, பக் பட்டுக் கிழிந்த முகத்தைத் தைத்துக்கொண்டு, கவசம் இல்லாமல் இறங்க மாட்டேன் என்று உறுதியாக நின்ற பிறகுதான் கவசம் நிலைத்தது.

மாற்று கோல்கீப்பர் என்ற ஏற்பாடும் அன்று இல்லை. 1928 கோப்பை இறுதிச் சுற்றில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் கோல்கீப்பரின் கண்ணில் பக் பட்டபோது, அந்த அணியின் 44 வயதுப் பயிற்சியாளர் லெஸ்டர் பேட்ரிக்கே கால்காப்பைக் கட்டிக்கொண்டு இறங்க நேர்ந்தது. ஒவ்வோர் அணியும் இரண்டு கோல்கீப்பர்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் 1960களின் நடுவில்தான் வந்தது. வெசினா ஒருநாளும் விடுப்பு எடுக்காததைப் பாராட்டும்போது, விடுப்பு எடுக்க அவருக்கு வழியே இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கோப்பைகள் இரண்டு: 1916இல் போர்ட்லேண்டை வென்று கனாடியன்ஸ் தன் முதல் ஸ்டான்லி கோப்பையைப் பெற்றது, அடுத்தது 1924. முதல் கோப்பையின் நினைவாக அந்த ஆண்டு பிறந்த தம் மகனுக்கு மார்செல் ஸ்டான்லி என்று பெயர் வைத்தார் வெசினா. இடையில் 1919 இறுதிச் சுற்றில் சியாட்டில் அணியோடு மோதியபோது, நான்காவது ஆட்டம் கூடுதல் நேரம் தந்தும் 0-0 என்றே முடிந்தது. இரு முனைகளிலும் இருந்த வெசினாவும் ஹேப் ஹோம்ஸும் கோலே விடவில்லை. அந்தச் சுற்று முடியவே இல்லை. உலகை வாட்டிய இன்ஃபுளுவென்சா கனாடியன்ஸ் வீரர்களைப் படுக்க வைத்தது, ஆட்டம் கைவிடப்பட்டது. அணியின் ஜோ ஹால் சில நாளில் சியாட்டிலிலேயே இறந்துபோனார்.

1925 நவம்பர் 28, மாண்ட்ரியல். பருவத்தின் முதல் ஆட்டம், எதிரணி பிட்ஸ்பர்க். வெசினா மெலிந்திருந்தார். உடம்பில் 100 டிகிரிக்கு மேல் காய்ச்சல். அவர் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. முதல் 20 நிமிடமும் வழக்கம்போல நின்றார், ஒரு கோலும் விடவில்லை. இடைவேளையில் வாயிலிருந்து இரத்தம் வந்தது. இரண்டாம் பகுதிக்குத் திரும்பி வந்து தம் இடத்தில் நின்றார். பிறகு வலைக்கு முன்னாலேயே சரிந்து விழுந்தார். ஆட்டத்தின் மிச்சத்தை அல்ஃபோன்ஸ் லக்ரோவா முடித்துவைத்தார். 1924 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக வலை காத்தவர் அவர். மறுநாள் மருத்துவர்கள் காசநோய் என்றார்கள். காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது.

ஊருக்குத் திரும்புமுன் அவர் ஒருமுறை அணியின் உடைமாற்றும் அறைக்கு வந்து, வழக்கமாக உட்காரும் மூலையில் உட்கார்ந்ததாக அணி உரிமையாளர்களில் ஒருவரான லியோ டண்டூரான் பின்னாளில் சொல்லியிருக்கிறார். முந்தைய பருவத்தின் கோப்பைச் சுற்றில் அணிந்த சட்டையை எடுத்துக்கொள்ளட்டுமா என்று மட்டும் கேட்டாராம். 1926 மார்ச் 27 அன்று ஷிகூட்டிமியில் காலமானார். வயது 39. அந்தப் பருவத்தைக் கனாடியன்ஸ் கடைசி இடத்தில் முடித்தது.

டண்டூரான் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிடவும் கூடாது. வெசினாவுக்கு 22 பிள்ளைகள் என்று அவர் பரப்பிய கதை பல ஆண்டுகள் புத்தகங்களில்கூட வலம் வந்தது. உண்மையில் இரண்டு மகன்கள்தான். வெசினா அதிகம் பேசாதவர், ஆங்கிலமும் அவருக்குச் சரளமில்லை. தம்மைப் பற்றித் தாமே சொல்லாதவர்களைப் பற்றி மற்றவர்கள் சொல்லும் கதைகள் பெருகிவிடுகின்றன. ஆரம்பகால ஆட்டக்காரர்களைப் பற்றி எதைப் படித்தாலும் இந்த எச்சரிக்கை தேவை.

அவர் மறைந்த அடுத்த பருவத்திலிருந்து, குறைவாகக் கோல் விட்ட அணியின் கோல்கீப்பருக்கு வெசினா கோப்பை வழங்கப்பட்டது. முதல் மூன்று ஆண்டும் அதைப் பெற்றவர் ஹெயின்ஸ்வொர்த். 1981-82 முதல் கோல் கணக்கை விட்டுவிட்டு, அணிகளின் பொது மேலாளர்கள் வாக்களித்துச் சிறந்த கோல்கீப்பரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கோப்பையை லீக்குக்கு அளித்தவர்கள் அன்றைய கனாடியன்ஸ் உரிமையாளர்கள் மூவர். டண்டூரான் ஒருவர், லூயி லெத்தூர்னோ ஒருவர். மூன்றாமவர் ஜோசப் காட்டரினிச், 1910இல் ஷிகூட்டிமி பனித்தளத்தின் மறுமுனையில் நின்று வெசினாவைப் பார்த்துக்கொண்டிருந்த அதே கோல்கீப்பர்.